சட்டத்துக்குள் ஒரு லயம்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிறந்த நாள் கிடையாது. பிறந்த வருஷம் உண்டு. அதையும் எண்ணால் சொல்லமாட்டார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் பிறந்தவர் பெரிய மாமா. காந்தியைச் சுட்ட வருஷம் பிறந்தவர் சின்ன மாமா. நடுவில் எங்கள் அம்மா: மகாவலி பெருகிக் கம்பளையை முக்கிய வருஷம். அது 1947 ஆகஸ்ட் என்று கண்டுகொள்ள எங்களுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது, அம்மாயிக்குத் தேவைப்படவில்லை. அடையாள அட்டையில் வேறொரு தேதி இருக்கிறது. பெயர் பதியப் போன அன்றைக்குத் தோட்டத்து ஆபீசில் இருந்த கிளாக்கருக்கு எது வசதியோ அது. குடும்பத்தில் நாங்கள் எப்போதும் வெள்ளத்தின் பக்கம்.

ஆக, 2022 ஆகஸ்டில் அம்மாவுக்கு எழுபத்தைந்து. பவள விழா. கல்லூரிகளும் சங்கங்களும்தான் அப்படியெல்லாம் கொண்டாடும் என்று அதுவரை நினைத்திருந்தோம். அறுபது வந்தபோது அப்பா இல்லை. கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஓர் அர்ச்சனையோடு போயிற்று. எழுபது, யாரும் கவனிப்பதற்குள் கடந்துவிட்டது. எழுபத்தைந்தை விடக்கூடாது என்று கட்டாரில் இருக்கும் தம்பியும் கனடாவில் இருக்கும் தங்கையும் வாட்ஸ்அப்பில் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அதைச் செய்து முடிப்பது, கட்டுகஸ்தோட்டையில் அம்மாவோடு இருக்கும் என் பாடு.

கொண்டாட நல்ல வருஷமாகத்தான் பார்த்து எடுத்தார்கள். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தது. இருநூறு ரூபாயில் கிடந்த டொலர் முந்நூற்றறுபதில் போய் நின்றது. காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. முட்டை, பட்டர், காஸ் மூன்றும் ஒரே கிழமையில் ஒரே வீட்டில் இருந்தால் அதுவே விழா. "அப்ப கையால ஏதாவது செய்ங்கக்கா, ஹேண்ட்மேட்தான் இப்ப மதிப்பு" என்றாள் தங்கை, டொரொன்டோவின் மின்வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுபதுகளில், தீபாவளிக்கு அம்மா தைத்த சட்டையை "கண்டி டவுன்ல வாங்கினது" என்று வகுப்பில் சொல்லவேண்டும் என என்னிடம் சத்தியம் வாங்கியவள் இவள்தான். கையால் செய்தது என்றால் கடையில் வாங்க வக்கில்லை என்று அர்த்தம். இப்போது அதே கைவேலையைச் செய்யக் கடைக்குப் போய், செயற்கைப் பட்டுச் சேலை ஒன்றின் விலையைக் கொடுத்து நூலும் துணியும் வாங்க வேண்டியிருக்கிறது.

குறொஸ் ஸ்டிச் என்று முடிவு செய்தது நான். அது அம்மாவின் கை.

ஐம்பதுகளின் கடைசியில் அம்மா ஹந்தானைத் தோட்டத்திலிருந்து சனிக்கிழமைகளில் கண்டி டவுனுக்கு இறங்கி வருவார். வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பு ஒன்று இருந்தது. தாத்தாவுக்கு ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மகள் கொழுந்துக்கூடை தூக்கக்கூடாது என்பது அவருடைய ஒரே அரசியல். வகுப்பில் அளவாக வெட்டிய துணியும் நூலும் கொடுப்பார்கள். முன்பக்கம் எத்தனை அழகாக இருந்தாலும் சிஸ்டர் முதலில் துணியைத் திருப்பித்தான் பார்ப்பாராம். பின்பக்கம் முடிச்சு இருந்தால் பிரித்துப் போடவேண்டும். எல்லாப் புள்ளடியிலும் மேல் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வீட்டில் பழகிப் பார்க்க மாச்சாக்கு. அமெரிக்க மா வந்த பருத்திச் சாக்கைப் பிரித்து, சோடாவில் அவித்து, பென்சிலால் கட்டம் போட்டுத் தைப்பது. எத்தனை அவித்தாலும் ஆங்கில எழுத்து முழுதாகப் போகாது. எங்கள் வீட்டுத் தலையணை உறையொன்றில் இரண்டு அன்னங்கள் கழுத்தை முட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் வயிற்றுக்குக் கீழே மாவின் நிறை எத்தனை இறாத்தல் என்று மங்கலாகத் தெரியும்.

என்ன தைத்தார்கள் என்பதுதான் விசேஷம். அன்னம், டச்சுக்காரனின் காற்றாலை, டியூலிப் பூ. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குட்டி வீடு: புல்வேய்ந்த சரிந்த கூரை, புகைபோக்கியில் சுருள் புகை, வாசலில் ஆளுயரப் பூச்செடி, வெள்ளை வேலி. அதன் பெயர் காட்டேஜ். ஜன்னலுக்கு வெளியே மொத்த ஹந்தானை மலையும் நின்றுகொண்டிருக்க, உள்ளே இருபது பெண்பிள்ளைகள் தலைகுனிந்து இங்கிலாந்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கமாகவும் ஒருவர் போயிருக்கிறார். 1903இல் ஆனந்த குமாரசுவாமியோடு இலங்கைக்கு வந்து கண்டிப் பக்கம் குடியிருந்த அவருடைய ஆங்கில மனைவி எத்தல், இந்த ஊர்க் கிராமங்களின் தையல் வேலையைத் தேடித் தேடிப் பார்த்தவர். முரட்டுப் பருத்தியில் சிவப்பும் நீலமுமாகப் பூப்போட்ட வெற்றிலைப் பைகள், அவற்றின் சங்கிலித் தையல், விளிம்புக் கட்டு என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தார். 1908இல் குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வந்தபோது அந்த உழைப்பும் அதற்குள் போயிற்று. பின்னாளில் எத்தல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறி உலகமே அறிந்த நெசவுக்காரர் ஆனார். ஆங்கிலேயப் பெண் கண்டித் தையலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அரை நூற்றாண்டு கழித்துக் கண்டித் தோட்டத்துப் பெண் ஆங்கிலேயக் குடிசையைத் தைக்கக் கற்றுக்கொண்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்குத் திரும்பினார்.

அம்மாவின் காட்டேஜ் முடியவில்லை. சுவர், வேலி, பூச்செடி எல்லாம் உண்டு, கூரை இல்லை. காரணம் சிறிமாவும் சாஸ்திரியும்.

1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான அவர்கள் போட்ட ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்ச ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் இரு நாடுகளும் அதையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. தாத்தா இலங்கைக்கு மனுப்போட்டார். சித்தியின் மாமனார் இந்தியாவுக்குப் போட்டார். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தின் முன் வரிசையில் நின்று நின்று, சித்தி குடும்பத்துக்கு 1974இல் பாஸ்போட் வந்தது. அந்த வருஷம் நாட்டில் எதுவும் இல்லை. இறக்குமதி அடைப்பு, பாணுக்கு விடியற்காலை வரிசை, தோட்டங்களில் பட்டினிச் சாவு. பூத்தையல் நூல் எங்கே கிடைக்கும்? காட்டேஜின் கூரைக்கென்று அம்மா பொத்தி வைத்திருந்த மஞ்சளும் மண்ணிறமும்தான் வீட்டிலிருந்த ஒரே நூல். அதில் தங்கச்சிக்கு இரண்டு தலையணை உறை. ஒன்றில் "மறவாதே", மற்றதில் ஆங்கிலத்தில் "குட் நைட்". தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். இந்த மலையில் பறித்த கொழுந்தை அந்த மலையில் பறிக்கப் போனார்கள்.

அம்மாவின் பிரஜாவுரிமை அதைவிட நீளமான கதை. 1947இல் பிறந்தபோது அவர் பிரித்தானியப் பிரஜை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது ஒரு வயது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குழந்தை. கடிதங்களும் கச்சேரியும் இழுபறியுமாகக் காலம் போய், 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் விஷயம் முடிந்தது. முதல் தடவை வாக்களித்தது 1994 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில். கட்சிக்கு ஒரு புள்ளடி, விருப்பு எண்களுக்கு மூன்று. மொத்தம் நாலு. "அவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். அதற்குள் துணியில் அவர் போட்ட புள்ளடிகளுக்கு ஒரு தொகுதியே வென்றிருக்கலாம்.

இத்தனையையும் யோசித்துத்தான் நான் லயத்தைத் தைப்பதென்று தீர்மானித்தேன். அம்மா பிறந்த காம்பரா, அந்த வரிசையில் ஓர் அறை. வேர், அடையாளம், நினைவு என்று இக்காலத்தில் சொல்கிறோமே அதெல்லாம். தங்கைக்கு ஒரே பூரிப்பு. முடிந்ததும் தனக்கும் ஒன்று வேண்டும், டொரொன்டோ வீட்டு ஹோலில் மாட்ட, என்றாள்.

படம் எடுக்கப் போனோம். தாத்தா கொழுந்து வாட்டிய ஃபெக்டரி 1925இல் கட்டியது. பல வருஷம் பாழாகக் கிடந்து, 2001இலிருந்து தேயிலை மியூசியம். 1867இல் லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களை அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே மலையைப் பார்க்கலாம். தாத்தா அந்த மாடியில் இருபத்தெட்டு வருஷம் நின்றார். ஒரு நாளும் உட்காரவில்லை. லயம் மியூசியம் ஆகவில்லை. அதற்குள் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

படத்தை என் மகள் ஒரு செயலியில் போட்டாள். பழைய காலத்தில் சிஸ்டர் ஒருவர் கட்டத்தாளில் மாதக்கணக்கில் செய்ததை அது தேநீர் ஆறுவதற்குள் செய்தது. அங்குலத்துக்குப் பதினாலு கட்டமுள்ள ஐடாத் துணியில், எட்டுக்குப் பத்து அங்குலம்; 15,680 புள்ளடி. முப்பத்தெட்டு நிறம். தேயிலைக்கு ஆறு பச்சை என்றால் நியாயம். சுவரில் வழிந்த மழைக்கறைக்கு மட்டும் ஒன்பது சாம்பல். வறுமையை இத்தனை நுணுக்கமாக எந்தக் கணக்கெடுப்பும் பிரித்ததில்லை.

இனி நூல். செயலி கேட்டது டிஎம்சி இலக்கங்களை. 1746இல், இன்று பிரான்சில் இருக்கும் முலூஸ் நகரில் தொடங்கிய கம்பனி; ஐந்நூறு நிறம், ஆறு இழை, எட்டு மீட்டர் கட்டு. கண்டி டவுனில் தையல் சாமான் கடைக்காரர் சிரித்தார். "டொலர் இல்ல மிஸ். கறுப்பு இருக்கு, வெள்ளை இருக்கு, ரோஸ் ரெண்டு கட்டு இருக்கு." நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் தைத்த ஆடைக்கு. பல்லேகலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்பிள்ளைகள் கார்மென்ட்ஸுக்குப் போகிறார்கள், பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஐரோப்பாவின் முதுகுக்கெல்லாம் சட்டை தைத்து அனுப்பும் ஊரில் அன்றைக்கு ஒரு கட்டுப் பச்சை நூல் இருக்கவில்லை.

நூல் நீலகிரிச் சொந்தங்களிடமிருந்து வந்தது. சித்தியின் பேத்தி கோயம்புத்தூரில் வேலை செய்கிறாள். கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் ஆங்கர் நூல் முழுக்கட்டும் கொடுத்தனுப்பினாள். அந்த மே மாதத்தில்தான் தமிழ்நாட்டு அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும் கப்பலில் வந்து, தோட்டங்களிலும் பகிர்ந்தார்கள். 1974இல் தலையணை உறையோடு அனுப்பி வைக்கப்பட்டவர்கள் 2022இல் நூலும் சோறும் அனுப்புகிறார்கள். டிஎம்சியின் 310 ஆங்கரில் 403, இரண்டும் கறுப்பு, தகராறில்லை. பச்சையில்தான் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது. ஆகவே என் ஹந்தானையில் கொஞ்சம் குன்னூர் கலந்துவிட்டது.

மின்வெட்டு வீட்டில் ஜன்னல் ஒன்றுதான் வெளிச்சம். அதை இரண்டு பேர் பங்குபோட வேண்டும். இரகசியம் அதிக நாள் நிற்கவில்லை.

"என்னா புள்ள இது?"

"லயம்மா."

"அது தெரியுது. எந்த லயம்னு கேட்டேன்."

"நீங்க பொறந்தது. உங்க எழுபத்தஞ்சுக்கு."

அம்மா துணியை வாங்கி முதலில் திருப்பிப் பார்த்தார். பிறகு முன்பக்கம். "அதுலேருந்து வெளிய வர்றதுக்கு உங்க தாத்தா நாப்பது வருஷம் பாடுபட்டாரு. நீ பிரேம் போட்டு மறுபடி வீட்டுக்குள்ள கொண்டாற."

நான் அடையாளம் பற்றி ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விரலால் கட்டம் கட்டமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கூரையில டிஷ் இருக்குமே, எங்க?"

படத்தில் இருந்தது. பழைய லயம் போலத் தெரியவேண்டும் என்று நான்தான் எடுத்துவிட்டேன்.

"அந்த ஒன்னுதான் அங்க உருப்படியா வந்துச்சு. அதை ஏன் எடுத்த? போடு. பீலிக்கரை எங்க? தண்ணிக்குப் பொம்பளைக நிக்கணுமே. இஸ்தோப்புல வெறகு அடுக்கியிருக்கும். இது என்னா, வாசல்ல பூவா? பூ எங்க இருந்துச்சு?" ஒரு நிமிஷம் யோசித்தார். "ராத்திரி மழ பேஞ்சா காம்பராவுக்குள்ள எட்டு எடத்துல ஒழுகும். சட்டி வைக்கப் பாத்திரம் பத்தாது. அதுக்கு என்னா கலர் நூலு வச்சிருக்க?"

ஒன்பது சாம்பலில் அது இல்லை.

பிறகு எழுந்து போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து காட்டேஜை எடுத்துவந்தார். அந்துருண்டை மணத்தோடு, கூரையில்லாமல், அறுபது வருஷப் பூக்களோடு. இரண்டையும் அடுத்தடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது இதுதான், இதற்குக் கூரை போட்டுக் கொடுத்தால் போதும் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன்.

"இந்த வெள்ளக்காரன் வீட்டுக் கூரை என்னா தெரியுமா?" என்றார். "புல்லு. நம்ம மாட்டுக் கொட்டாய்க்குப் போடற மாதிரிப் புல்லு. அந்த வயசுல தெரியல. எங்க லயத்துக்காச்சும் தகரம்."

அன்றைக்கு இரவு மின்சாரம் வந்ததும் தேடிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். காட்டேஜ் என்பது பெரும்பாலும் இங்கிலாந்தில் நிலக்காரனின் வயலில் கூலிவேலை செய்தவன் குடியிருந்த வீடு. ஈரம், நெரிசல், பண்ணைக்காரன் நினைத்தால் வெளியேற்றலாம். தொழிற்சாலைகள் வந்து கூலிக்காரர்கள் டவுனுக்குப் போகப் போக, அந்தக் குடிசைகள் பாழாயின, இடிபட்டன. அப்போதுதான் அவை அழகாயின. ஹெலன் அலிங்ஹாம் என்ற ஓவியர் சர்ரேப் பக்கத்துக் குடிசைகள் மறைவதற்கு முன் என்று ஒவ்வொன்றாக நீர்வண்ணத்தில் தீட்டினார். லண்டன்காரர்கள் வாங்கி ஹோலில் மாட்டினார்கள். அங்கிருந்து வாழ்த்து அட்டை, கலண்டர், பிஸ்கட் டின், தையல் புத்தகம். கடைசியில் ஒரு சிஸ்டரின் கையில் கண்டிக்கு. வெள்ளைக்காரத் துரையின் வீட்டைத் தைப்பதாக நினைத்து அம்மா தைத்தது, வெள்ளைக்காரக் கூலியின் லயத்தை.

இதைக் காலையில் சொன்னபோது அம்மா ஆச்சரியப்படவில்லை. "அவன் பேரப்புள்ளைகளும் பிரேம் போட்டுருப்பாங்க" என்றார்.

பவள விழா நடந்தது. காஸ் இருந்தது, முட்டை இருந்தது, பட்டருக்குப் பதில் மாஜரீன். கோயிலுக்கு ஓட்டோவில் போக, எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் கோடில் அந்தக் கிழமைக்கு மிஞ்சியிருந்த பெற்றோல் சரியாக இருந்தது. அதே ஆகஸ்டில் முந்நூறுக்கு மேற்பட்ட பொருள்களின் இறக்குமதியை நிறுத்தி வர்த்தமானி வந்தது. அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "திரும்ப மாச்சாக்குத் தேடணும் போல" என்றார். லயம் அன்றைக்கு முடிந்திருக்கவில்லை. முடிய அம்மா விடவில்லை. டிஷ் சேர்ந்தது, பீலி சேர்ந்தது, குடத்தோடு ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். படம் பத்து அங்குலத்திலிருந்து பன்னிரண்டுக்கு நீண்டது. வாசல் பூவை மட்டும் முழுதாகப் பிரிக்கச் சொன்னார்.

தங்கைக்கும் ஒன்று வேண்டுமாம் என்று சொன்னதும் கணக்குப் போட ஆரம்பித்தார். மணிக்கு நூறு புள்ளடி தாண்டினாலே கெட்டிக்காரி. அப்படியானால் பழைய பத்து அங்குல அளவுக்கே, நாளுக்கு எட்டு மணி வைத்து இருபது நாள். 2021இல் வர்த்தமானி போட்ட தோட்டச் சம்பளம் நாளுக்கு ஆயிரம் ரூபாய். ஆக இருபதாயிரம், நூலும் துணியும் வேறு. தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு இதயம் அனுப்பினாள். காசு அனுப்பவில்லை.

"கடனுக்குத் தைக்கக்கூடாது" என்றார் அம்மா. ஆனாலும் மறுநாளிலிருந்து என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார், என் மகளின் பழைய கொப்பி ஒன்றோடு. அது செக்ரோல், தோட்டத்து நாள்வேலைப் பதிவேடு. விடியற்காலை தொடங்கிய நேரம், வரிசை, புள்ளடி எண்ணிக்கை. பின்பக்கம் முடிச்சு கண்டால் கழிவு. எண்ணிக்கை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். பெரிய கங்காணியின் குரல் அவருக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை அந்தக் குரல் எல்லோருக்குள்ளும் ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்ததும் ஊசியை வைத்துவிட்டு எண்ணிக் காட்டினேன்: அறுநூற்று நாற்பது.

"எண்ணூறு இல்ல," என்று கொப்பியில் கோடிழுத்தார். "அரைப்பேர்தான்."